மட்டமும் வாட்டமும்

பிளம்பரின் அக்கா புருஷனுக்கு ஊரில் ரசமட்டம் என்று பெயர். நேரில் பார்த்தால் மேஸ்திரி, தலை மறைந்தால் ரசமட்டம். தரை சரியாக நிற்கிறதா சாய்கிறதா என்று பார்க்க, கண்ணாடிக் குழலுக்குள் ஒரு குமிழி ஓடும் கருவி இருக்கிறதே, அதன் பெயர். யாராவது வாய் தவறி அந்தப் பெயரை அவர் காதுபடச் சொல்லிவிட்டால் மனுஷன் மீசைக்குள் சிரித்துக்கொள்வார், தொழில் சுத்தத்தைப் பாராட்டுகிறார்களாம். பாராட்டாக ஆரம்பித்த பெயர்தான். பாராட்டெல்லாம் எப்போதோ வடிந்துபோய், அடியில் கிண்டல் மட்டும் தங்கிவிட்டது என்று பிளம்பர் ஒருநாள் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தான்.

"பொறாமை மாப்ள. எல்லாம் வயித்தெரிச்சல்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தொழிலைக் குறை சொன்னால் பிளம்பரின் நாக்கு அழுகிப்போகும். டைல்ஸ் பதிப்பதில் அந்த ஆளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவர் போட்ட கூடத்தில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். அவர் போட்ட குளியலறையில் வைத்தால் யாரும் தள்ளாமலே கிளம்பி, நேராகப் போய் வடிகால் வாயில் விழும். இந்தச் சரிவுக்குத் தொழிலில் வாட்டம் என்று பெயர். கண்ணுக்குத் தெரியக் கூடாது, தண்ணீருக்குத் தெரிய வேண்டும். அதற்கு அவர் கையாளும் வழி எளிதானது. ரசமட்டத்தின் ஒரு முனைக்கு அடியில் ஒரு டைல்ஸ் சில்லைச் சொருகிவிட்டு, குமிழி நடுவுக்கு வரும்வரை தரையைச் சாய்ப்பார். குமிழி மட்டம் என்று சத்தியம் பண்ணும், தரை சாய்ந்து கிடக்கும். வாழ்நாள் பூராவும் அந்தக் குமிழியைத் தினம் ஒரு தடவை ஏமாற்றிப் பிழைத்த ஆள் அவர். கடைசியில் அந்தக் குமிழியை நம்பித்தான் உலகத்தோடு மல்லுக்கு நின்றார். இதை நினைத்தால் பிளம்பருக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

டைல்ஸ்காரர்களுக்கு முதலில் கெடுவது முழங்கால். அவருக்கும் வீங்கிக்கொண்டது. வைத்தியர் காலை மடக்கவே கூடாது என்று சொல்லிவிட, ஒரு மழைக்காலம் முழுக்கக் கட்டிலில் கிடந்தார். கையில் போன். வேறு வேலை இல்லாத மனுஷனுக்குப் போன் என்னென்ன கற்றுக்கொடுக்குமோ அத்தனையும் கற்றுக்கொடுத்தது. எவனோ ஒருவன் கடற்கரை மணலில் ரசமட்டத்தை வைத்து, "வளைவு எங்கே, காட்டுங்கள்" என்று கேட்கும் படத்தைப் பார்த்த அன்றைக்கு, கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலி போயே போச்சு. மண்டையில்தான் ஏதோ கழன்றது.

"இவ்வளவு நாளா என் கையிலயே இருந்திருக்கு பாரு" என்று ரசமட்டத்தைத் தூக்கிக் காட்டினார். "எத்தன வீடு, எத்தன தரை. ஒருநாளாவது குமிழி வளைஞ்சு பாத்திருக்கனா?"

"குமிழி எப்படி மாமா வளையும்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

பிளம்பர் பத்தாவதைத் தாண்டாதவன். ஆனாலும் பூமி உருண்டை என்று பள்ளிக்கூடத்தில் சொன்னபோது அதை ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளாமல் ஒப்புக்கொண்டுவிட்டு, விளையாடப் போனவன். ஒரு மனுஷன் அறிவோடு இருப்பதற்கு அந்த அளவு போதும் என்பது அவன் கட்சி. மாமாவின் கட்சி வேறு. படித்தவர்கள் எல்லாரும் கூடி அவரை, தனியாக அவரை மட்டும், ஏமாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

"பூமிய அளந்தவன் எவனாவது தொழில்காரனா? அத்தனையும் படிச்சவனுங்க. படிச்சவன் வீட்டுத் தரைய நீ பாத்திருக்கியா?"

சூரியன் என்பது தூரத்தில் இல்லையாம். சும்மா தலைக்கு மேலேதானாம். தட்டுக்கு மேல் விளக்கைப் பிடித்துக்கொண்டு சுற்றுவது போல வட்டமடிக்கிறதாம். நம் பக்கம் வந்தால் பகல், அந்தப் பக்கம் போனால் இருட்டு. அப்படியென்றால் சாயங்காலம் அது பாதி மறைந்தும் பாதி மறையாமலும் தெரிகிறதே என்று பிளம்பர் கேட்டால், "அது கண்ணோட கோளாறு" என்பார். தரை தட்டையாகத் தெரிகிறதே என்றால் அது மட்டும் கண் கண்ட சாட்சி. தனக்கு வேண்டிய இடத்தில் கண் வேலை செய்யும், வேண்டாத இடத்தில் கெட்டுப்போகும். இப்படி ஒரு வசதியான கண்ணைப் பிளம்பர் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

அடுத்தது பிரமிடு. பாலைவனத்தில் யாரோ எந்தக் காலத்திலோ கட்டிய கல்மேட்டுக்கும் குளியலறை டைல்ஸ் பதிக்கிறவருக்கும் என்ன பேச்சுவார்த்தை என்று கேட்கக் கூடாது. கேட்டால் உட்கார வைத்துவிடுவார்.

"நாலு பக்கமும் நாலு திசைக்கு நேரா வச்சிருக்கான். சதுரம். உருண்டை மேல சதுரத்த ஒட்ட முடியுமா? ஒரு பந்து மேல டைல்ஸ் ஒட்டிப் பாரு, மூலை தூக்கும். அப்ப அந்தக் காலத்து மேஸ்திரிக்கு பூமி தட்டைன்னு தெரிஞ்சிருக்கு. சூரியன் சுத்துற வட்டத்துக்குக் கணக்குப் போட்டுத்தான் கட்டியிருக்கான். அத மறைச்சுட்டானுங்க."

"யாரு மாமா மறைச்சது?"

"உருண்டைங்கதான்."

பூமி உருண்டை என்பவர்களுக்கெல்லாம் அவர் வைத்த பெயர் உருண்டைங்க. இந்த உருண்டைகளில் டாக்டர், பஸ் டிரைவர், தபால்காரர், அவர் மனைவியின் தம்பி என்று பேதமில்லாமல் எல்லாரும் அடக்கம். வேலைக்குப் போன வீடுகளிலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஒரு ரிட்டையர் ஆன டீச்சரம்மா சமையலறைக்கு டைல்ஸ் மாற்றக் கூப்பிட்டாள். சுவரை அளந்த கையோடு அவள் வீட்டு அலமாரியிலிருந்த உலக உருண்டையைச் சுற்றிவிட்டு, "இத நம்பியா பிள்ளைங்களக் கெடுத்தீங்க?" என்று கேட்டார். டீச்சரம்மா காபி கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் வேறு ஆளைப் போட்டுக்கொண்டாள். இதற்கும் காரணம் பொறாமைதான். டீச்சருக்கு எதற்கு மேஸ்திரி மேல் பொறாமை என்று பிளம்பர் மெனக்கெட்டு யோசித்துப் பார்த்தான், பிடிபடவில்லை.

இந்த ஆளோடு அக்கா எப்படிக் குடித்தனம் செய்தாள் என்றால், வாயில் குண்டூசியோடு செய்தாள். அவள் தையல்காரி. துணியை மடித்துக் குத்துவதற்காக உதட்டுக்கு நடுவில் எப்போதும் நாலைந்து குண்டூசிகள் இருக்கும். மாமா சூரியனை இறக்கி ஏற்றிக்கொண்டிருப்பார், அவள் குனிந்து தைத்துக்கொண்டிருப்பாள். "என்ன சொல்ற?" என்று கேட்டால் "ம்" என்பாள். ஊசியை வைத்துக்கொண்டு அதற்குமேல் பேச முடியாது. மாமா அதை ஆமாம் என்று எடுத்துக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிளம்பர் அதே "ம்" என்பதைக் கேட்டுவிட்டு, அக்கா நம் கட்சி, பாவம் பொறுத்துப்போகிறாள் என்று எடுத்துக்கொள்வான்.

அவள் தைத்த இடம் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த நடை. ஒரு பக்கம் தாளிப்புப் புகை, மறு பக்கம் ஈரம். யார் குளிக்கப் போனாலும் மெஷினை நகர்த்தி வழிவிட வேண்டும். வெள்ளைத் துணியை எடுத்தாலே பயம். ஒரு ஆஸ்பத்திரிக்கு டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுக்கும் வேலை அவளைத் தேடி வந்தபோது, முதல்முறையாக வாயைத் திறந்து ஒன்று கேட்டாள். வீட்டின் மேல் ஒரு அறை. நாலு பக்கமும் ஜன்னல், நடுவில் துணி வெட்ட ஒரு பெரிய மேஜை. அவ்வளவுதான் அவள் இந்த உலகத்தில் கேட்டது. அது தட்டையா உருண்டையா என்று அவள் விசாரிக்கவே இல்லை.

அறை எழும்பியது. அதில் மாமாவைப் பழி சொல்ல ஒன்றுமில்லை, ஓடி ஓடிச் செய்தார். மேலே கான்கிரீட் போட்டபோதே தென்மூலைப் பக்கம் வாட்டம் வைத்துத்தான் போட்டார்கள். அந்த மூலையில் மழைத்தண்ணீர் இறங்கும் குழாயை வைத்தவன் பிளம்பர். அக்காவுக்குச் செய்கிறோம் என்று நல்ல சாமானாகப் பார்த்து வாங்கி, ஒரு மூட்டு ஒழுகாமல் ஒட்டியிருந்தான். அதற்குக் கீழே, புது அறைக்குள், அக்கா மெஷினை ஏற்றி, மேஜை போட்டு, வேலையைத் தொடங்கியும்விட்டாள். அறைக்கு மேலே மொட்டை மாடித் தரைக்கு டைல்ஸ் பதிப்பது ஒன்றுதான் பாக்கி.

ஒருநாள் மத்தியானம் பிளம்பர் மாடிக்கு ஏறிப் பார்த்தான். மாமா தென்மூலையில் கலவையைக் கொட்டி நிரவிக்கொண்டிருந்தார். பள்ளமாக இருக்க வேண்டிய மூலை மேடாகிக்கொண்டிருந்தது.

"என்ன மாமா பண்றீங்க?"

"கண்ணு தெரியல? தளத்த மட்டம் பண்றேன்."

"வாட்டத்த மூடிட்டிருக்கீங்க."

"ஆமா."

"அப்ப தண்ணி எப்படிப் போகும்?"

"தண்ணி அதோட மட்டத்த அதுவே தேடிக்கும். அதுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்."

பிளம்பர் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தான், விளையாடுகிறாரோ என்று. விளையாடவில்லை. மாடி நடுவில் பிரமிடு வைக்கப் போகிறாராம். முழங்கால் உயரத்துக்கு, மிச்சம் கிடந்த கிரானைட் துண்டுகளில். அதன் நடுவில் ஒரு இரும்புக் கம்பி. கம்பியின் நிழலைத் தினம் தரையில் குறித்துக்கொண்டே வந்தால் சூரியன் சுற்றும் வட்டம் கையில் கிடைத்துவிடுமாம். அதைப் படம் எடுத்துப் போட்டால் உருண்டைகள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொள்வார்களாம். அடித்தரை மயிரிழை சாய்ந்தாலும் நிழல் பொய் சொல்லிவிடும், அதனால் வாட்டம் கூடாது.

"மொட்டை மாடிய வாட்டம் இல்லாம விடுறவன் எவனாவது உண்டா மாமா? நீங்களே அடுத்தவன் மாடிய இப்படி விடுவீங்களா?"

"பூமிக்கே வாட்டம் கிடையாது. மாடிக்கு எதுக்குடா?"

குழாயின் வாயைத் தளத்துக்குச் சமமாக உயர்த்தித் தரச் சொன்னார். என் கையால் அந்தப் பாவத்தைச் செய்ய மாட்டேன் என்று பிளம்பர் மறுத்துவிட்டான். அவரே ஒரு துண்டுக் குழாயை வெட்டிச் சொருகிக்கொண்டார். டைல்ஸ்காரர் சொருகிய குழாய் எப்படி இருக்கும்? தரையைவிட ஒரு விரல்கடை உயர்ந்து, துருத்திக்கொண்டு நின்றது.

அந்த நேரத்தில் அக்கா படியேறி வந்தாள், கழுத்தில் டேப், வாயில் ஊசி. ஏதோ அளவெடுத்துக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு அப்படியே வந்திருக்கிறாள்.

"நீ சொல்லுக்கா" என்றான் பிளம்பர்.

"அவ என்ன சொல்லப் போறா? அவளுக்குத் தெரியும்" என்றார் மாமா.

அக்கா மேடான மூலையைப் பார்த்தாள். துருத்திய குழாயைப் பார்த்தாள். புருஷனுடைய வீங்கிய முழங்காலையும் பார்த்தாள். "ம்" என்றாள். கை ஊசியை எடுக்க வாய்ப் பக்கம் போனது. அதற்குள் மாமா கரண்டியை எடுத்துக்கொண்டு கலவைக்குத் திரும்பிவிட்டார். பிளம்பரும், அக்காவே பார்த்துக்கொள்வாள், நமக்கென்ன என்று கோபத்தில் திடுதிடுவென்று படியிறங்கிவிட்டான்.

டைல்ஸ் பதித்து முடித்ததும் பிரமிடு எழும்பியது. கம்பியை நிறுத்துவதற்காகக் கான்கிரீட்டிலேயே துளை போட்டார். மழைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரே காப்பில், ஒரு கம்பிக்காகத் தன் கையாலேயே பொத்தல் போட்டார். திசை பிடித்த அழகும் தனி. விடியற்காலையில் எழுந்து, சூரியன் எங்கே எழுந்ததோ அதுவே கிழக்கு என்று நூல் கட்டிவிட்டார். பிரமிடு ஜம்மென்று அதைப் பார்த்து உட்கார்ந்தது. சில வாரம் போனதும் சூரியன் கொஞ்சம் தள்ளி எழ ஆரம்பித்தது. அது வருஷம் பூராவும் அப்படித்தான் இடம் மாறி மாறி எழும், கிழக்கு மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். பிளம்பர் போனில் திசைகாட்டியைத் திறந்து பிரமிடின் மேல் வைத்தான். பிரமிடு கோணிக்கொண்டு நின்றது.

"போன் யாரு பண்ணது? உருண்டைங்க பண்ணது" என்றார் மாமா. "சூரியன் வட்டத்தச் சுருக்கிக்கிட்டிருக்கு. அதுவா திரும்பி வரும்."

ஒரு டைல்ஸ் நூலளவு விலகினால் வரிசையையே பெயர்த்துப் போடுகிற மனுஷன். சூரியன் முழம் விலகியதும் சூரியனைக் குறை சொன்னார். பிளம்பருக்கு அன்றைக்கு அவர் மேல் மிச்சம் மீதி இருந்த மரியாதையும் போய்விட்டது. அக்காவின் முகத்துக்காக மாமா என்று கூப்பிட்டான், அவ்வளவுதான்.

மழை ஒரு நடுப்பகலில் வந்தது. பெரிய மழைகூட இல்லை, நிதானமாக, அலுத்துக்கொள்ளாமல் பெய்த மழை. வேறொரு வீட்டில் தொட்டிக்குக் குழாய் மாட்டிக்கொண்டிருந்த பிளம்பருக்கு நினைப்பெல்லாம் அக்கா மாடியில்தான் இருந்தது. மழை விட்டதும் சாமானை அப்படியே போட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு வந்து, நேராக மாடிக்கு ஏறினான்.

மாடி முழுக்கத் தண்ணீர். கைப்பிடிச் சுவரிலிருந்து கைப்பிடிச் சுவர் வரை, குழாயின் உதடு வரைக்கும், ஒரு சொட்டு நகராமல் நின்றது. நடுவில் கோணல் பிரமிடு. மாமா பாதம் நனைய நின்றுகொண்டு போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். முகம் பூரா சந்தோஷம்.

"வந்துட்டியா மாப்ள. இந்தா பாரு. இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பாரு. ஒரு பக்கமாவது சாயுதா? எங்கயாவது வளைவு இருக்கா?"

பிளம்பர் குழாய் வாயில் சொருகியிருந்த துண்டைப் பிடுங்கி எறிந்தான். தண்ணீர் கொஞ்சம் இறங்கியது. இதற்குள் வேறு வழியாக எவ்வளவு இறங்கியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். கீழே ஓடினான்.

கம்பிக்கு நேர் கீழேதான் வெட்டும் மேஜை. பெரிய மேஜையை அறையின் நடுவில் போடுவார்கள், பிரமிடையும் மாடியின் நடுவில்தான் வைப்பார்கள், இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கோட்டுகள் தேய்த்து, மடித்து, மேஜை மேல் அடுக்கியிருந்தன. துணிக்கடைக்குப் போயிருந்த அக்கா மழையில் மாட்டிக்கொண்டு இப்போதுதான் திரும்பியிருந்தாள். துருவும் சிமெண்டும் கலந்து இறங்கிய தண்ணீர் மேலடுக்கிலிருந்து கீழடுக்கு வரை ஊறிப்போயிருந்தது. அவள் ஒவ்வொரு கோட்டாக விரித்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே பழுப்பு வட்டம், முதுகிலோ மார்பிலோ.

பிறகு மாடிக்குப் போனாள். பிளம்பரும் பின்னாலேயே போனான்.

"வீடியோ எடுத்தாச்சா?" என்று கேட்டாள்.

"இப்பதான். நீ இங்க வந்து நின்னு பாரு, கண்ணாடி மாதிரி நிக்குது."

"கீழ வாங்க."

"இரு, காத்து வந்தா தண்ணி கலங்கிடும், இன்னொண்ணு மட்டும்..."

"கீழ வாங்க" என்றாள் மறுபடி.

வந்தார். மேஜையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "கம்பி ஓரம் சரியா அடைக்கல போலிருக்கு" என்றார். வாயில் வந்த முதல் வார்த்தை அது. கோட்டை ஒரு விரலால்கூடத் தொடவில்லை.

அக்காவின் வாயில் அன்றைக்கு ஊசி இல்லை.

"நான் கேட்டது ஒரு அறை. உலகத்துக்கெல்லாம் நிரூபிச்சுக் காட்டுறதுக்கு என் தலைக்கு மேலதான் உங்களுக்கு இடம் கிடைச்சுதா? பூமி தட்டையோ உருண்டையோ, எனக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க. அது மேல நின்னு நாலு துணி தைக்கணும், அவ்வளவுதான் எனக்கு அதோட பேச்சு. அடுத்தவங்க குளியலறைல எல்லாம் தண்ணி எங்க போகும்னு யோசிச்சீங்களே. இங்க நான் ஒருத்தி கீழ இருக்கேன்னு யோசிக்கலையா?"

மாமா வாயைத் திறந்தார். பிளம்பர் முந்திக்கொண்டான். "நான் அப்பவே சொன்னேன்க்கா."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"யார்கிட்டடா சொன்ன? அவர்கிட்ட சொன்ன. அவர் கேக்க மாட்டார்னு தெரிஞ்சே சொன்ன. என்னைப் பாத்து 'நீ சொல்லுக்கா'ன்ன. வாயில ஊசிய வச்சிட்டு நான் என்னத்தச் சொல்றது? நான் அத எடுக்கற வரைக்கும் உங்க ரெண்டு பேர்ல ஒருத்தராவது நின்னீங்களா?"

பிளம்பருக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, மாமாவோடு தன்னையும் ஒரே தராசில் போட்டுவிட்டாளே என்று எரிச்சலாகவும் இருந்தது.

கோட்டுகளை அவள் எலுமிச்சை தேய்த்து, வெயிலில் காயவைத்து, எல்லாம் செய்து பார்த்தாள். வட்டம் வெளிறியது, போகவில்லை. ஆஸ்பத்திரியில் சாமான் வாங்கும் ஆள் ஒரு கோட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, திரும்ப மடித்து, பையில் வைத்துக் கொடுத்தான். "அடுத்த தடவை பாக்கலாம்மா" என்றான். அடுத்த தடவை என்று ஒன்று வராது என்பது அவன் குரலிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்தவள் தம்பியைக் கூப்பிட்டு, மெஷினைத் தூக்க வண்டி பிடிக்கச் சொன்னாள். இரண்டு தெரு தள்ளி ஒரு அச்சகத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறை வாடகைக்குப் பிடித்திருந்தாள். ஜன்னல் ஒன்றே ஒன்று. பகலெல்லாம் அச்சு மெஷின் சத்தம். "சரி பண்ணிடறேன், எதுக்கு இப்ப அவசரம்?" என்று மாமா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மேஜையைப் படியில் திருப்பி இறக்கும்போது அவரும் ஒரு பக்கம் கைகொடுத்தார். கோணம் பார்த்துச் சொன்னார், இடிக்காமல் இறங்கியது. இந்தச் சமர்த்துக்கெல்லாம் குறைச்சலில்லை.

ஒரு வாரம் கழித்து மாமா பிளம்பருக்குப் போன் பண்ணினார். குழாய் வாயைப் பழையபடி இறக்கி வைத்துத் தர வேண்டுமாம். பிளம்பர் போனான். திட்டித் தீர்க்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனான்.

மாடி டைல்ஸ் பூரா பெயர்த்தாகிவிட்டது. பிரமிடு இல்லை. கம்பி இருந்த துளையை அடைத்து, அதன் மேல் பூச்சும் கொடுத்திருந்தார். வீங்கிய முழங்காலை ஒரு சாக்கின் மேல் ஊன்றி மண்டியிட்டு, தென்மூலையைப் பார்த்து வரிசையாகப் பதித்துக்கொண்டு வந்தார். ரசமட்டத்தின் ஒரு முனைக்கு அடியில் வழக்கம்போல ஒரு சில்லு. டைல்ஸ் சில்லு இல்லை, கிரானைட். பிளம்பர் குனிந்து பார்த்தான். முக்கோணமாக, பளபளவென்று. பிரமிடின் உச்சிக்கல்.

குமிழி நடுவில் நின்றது. தரை சாய்ந்திருந்தது.

"இப்ப என்ன மாமா சொல்றீங்க, பூமி?"

"பூமி தட்டைதான்" என்றார் நிமிராமல். "மாடிக்குத்தான் வாட்டம்."

சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை எல்லாம் பிளம்பர் விழுங்கிக்கொண்டான். செவிட்டுச் சுவரிடம் போய் யார் திட்டுவது? குழாயை இறக்கி வைத்து ஒட்டினான். அது காய்ந்த பிறகு, வரிசை முடிந்த அன்றைக்கு, மாமா அவனையே கூப்பிட்டு நிறுத்திவிட்டு, வடமூலையில் ஒரு பக்கெட் தண்ணீரைச் சாய்த்தார். அது கண்ணுக்குத் தெரியாத சரிவில் சத்தமில்லாமல் கிளம்பி, ஒரு இடத்திலும் தயங்காமல், மாடியைத் துடைத்துவிட்டது போல மூலைக்குப் போய் இறங்கியது. தரையில் நனைந்த தடம் தவிர ஒன்றுமில்லை. ஊரில் இதுபோல ஒரு மாடி இருக்காது. அதற்குக் கீழே இருந்த அறையில் நனைவதற்கும் ஒன்றும் இல்லை.

"வா, உங்கக்காகிட்ட சொல்லிட்டு வரலாம்" என்றார்.

அச்சகத்துக்குப் பக்கத்து அறையில் அக்கா விளக்கைப் போட்டுக்கொண்டு, யாருடைய பாவாடைக்கோ கீழ்மடிப்பு குத்திக்கொண்டிருந்தாள். வாயில் ஊசி. மாமா வாசலிலேயே நின்றார். உள்ளே இரண்டாவது ஆள் நிற்க இடமில்லை.

"வாட்டம் குடுத்துட்டேன்" என்றார்.

அவள் குத்திக்கொண்டிருந்தாள்.

"நடுவுல இருந்த அதையும் எடுத்தாச்சு. ஒரு சொட்டு நிக்கல. தம்பிய வேணா கேளு."

பிளம்பர் தலையாட்டினான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"வண்டி சொல்லட்டுமா? மேஜைய இன்னைக்கே ஏத்திடலாம்."

"ம்" என்றாள்.

மாமா கிளம்பவில்லை. இத்தனை வருஷத்தில் இந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு அவர் நின்று பார்த்தது இதுதான் முதல் தடவை. அச்சு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது சற்று ஓயட்டும் என்று காத்திருந்துவிட்டு, பிளம்பர் அதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரலில் கேட்டார்.

"என்ன சொன்ன? ஊசிய எடுத்துட்டுச் சொல்லு. நான் நிக்கறேன்."

அக்கா நிமிரவில்லை. டப்பாவிலிருந்து இன்னொரு குண்டூசியை எடுத்து உதட்டுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள்.